எம்.சி. சோலாரின் ஹிட்ஸ் தொகுப்பு: வாங்கலாமா, எங்கே தொடங்கலாம், எது விடுபட்டிருக்கிறது

ரோஸ் ஹில்லில் இருக்கிற எங்களுக்கு பிரெஞ்சு ராப் வெளியூர்ச் சரக்கு இல்லை. தெருவில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம், கோயிலில் தமிழ் என்று எல்லாம் கலந்தேதான் மொரீசியஸில் வளர்கிறோம், அதனால் எம்.சி. சோலார் பாட்டு ரேடியோவில் வந்தால் வீட்டில் யாராவது ஒருவர் கூடச் சேர்ந்து முணுமுணுப்பார். ஆனால் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களும், இங்கேயே தமிழ் படிக்கிற இளம்பிள்ளைகளும் அவரைப் பற்றி என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், யார் இந்த எம்.சி. சோலார்?

இயற்பெயர் க்ளோத் எம்பராலி. பெற்றோர் சாட் நாட்டுக்காரர்கள், இவர் பிறந்தது 1969-இல் செனகலின் டாக்காரில், வளர்ந்தது பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர்களில். சிறுவயதில் கொஞ்ச காலம் கெய்ரோவில் உறவினர் வீட்டில் இருந்திருக்கிறார். 1990-இல் ‘பூஜ் த லா’ என்ற முதல் சிங்கிள் வந்தது, அடுத்த வருடம் முதல் ஆல்பம், அதோடு பிரெஞ்சில் ராப் செய்தால் யார் கேட்பார்கள் என்ற பேச்சு பிரான்சில் அடங்கிப்போனது. அதட்டல் இல்லாத குரல், படித்தவர் பேசுவது போன்ற நிதானம், வரிக்கு வரி சிலேடை. இவருக்கு முன்னும் பிரெஞ்சு ராப்பர்கள் இருந்தார்கள், ஆனால் ராப்பைக் கேட்டதே இல்லாத குடும்பங்களின் வரவேற்பறைக்குள் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்ததில் இவர் பங்கு மிகப் பெரியது.

சரி, ஹிட்ஸ் தொகுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

2010-இல் வந்த ‘மாக்னம் 567’. பெயரில் இருக்கிற எண்களைப் பாருங்கள். 2001-இல் வந்த ‘சாங்க்கியெம் ஆஸ்’, அதாவது சீட்டுக்கட்டின் ஐந்தாவது ஏஸ், அவருடைய ஐந்தாவது ஆல்பம். 2003-இல் ‘மாக் 6’, ஆறாவது. 2007-இல் ‘ஷாபித்ர் 7’, ஏழாவது. இந்த மூன்றிலிருந்தும் எடுத்த பாட்டுகளின் தொகுப்புதான் 5, 6, 7.

அப்படியானால் ஒன்று முதல் நான்கு வரை எங்கே?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1991-இல் வந்த முதல் ஆல்பம், 1994-இன் ‘ப்ரோஸ் கோம்பா’, 1997-இன் ‘பரதிசியாக்’, 1998-இல் அவர் பெயரிலேயே வந்த ‘எம்.சி. சோலார்’, இந்த நான்கையும் வெளியிட்டது பாலிடோர் நிறுவனம். கடைசி இரண்டையும் அவர் ஒரே இரட்டை ஆல்பமாகக் கொடுக்க நினைத்தார், நிறுவனம் இரண்டாகப் பிரித்து வெளியிட்டது. இதைச் சுற்றி எழுந்த ஒப்பந்தத் தகராறு நீதிமன்றம் வரை போனது. அவர் அங்கிருந்து வெளியேறி வேறு நிறுவனத்துக்கு மாறினார், பழைய நான்கு ஆல்பங்களும் விற்பனையிலிருந்து மறைந்தன. சில மாதங்களுக்கோ ஒரு வருடத்துக்கோ இல்லை, இருபது வருடத்தை ஒட்டி. கடையில் புதிய சிடி கிடையாது, பிறகு டிஜிட்டல் காலம் வந்தபோது ஸ்ட்ரீமிங்கிலும் கிடையாது. பிரான்சில் ஒரு தலைமுறை முழுக்க மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பாட்டுகள், சட்டப்படி வாங்க வழியே இல்லாமல் கிடந்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அதை ஸ்டுடியோவில் பதிவு செய்த ஒலிப்பதிவின் உரிமை வேறு. எழுதியவர் அந்தப் பாட்டை மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பாடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அதே பாட்டின் பழைய பதிவை எடுத்துத் தன் தொகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் பதிவுக்கு உரிமையுள்ளவர் சம்மதிக்க வேண்டும், அந்தப் பதிவை வெளியிடலாமா என்பதே வழக்கில் சிக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஹிட்ஸ் தொகுப்பில் எது இருக்கும் என்பதை ரசிகர்களோ பாடகரோ மட்டும் தீர்மானிப்பதில்லை, பல நேரங்களில் காகிதம்தான் தீர்மானிக்கிறது. ‘மாக்னம் 567’ இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான சான்று. ‘பூஜ் த லா’ இல்லாத, ‘கரோலின்’ இல்லாத, ‘நூவோ வெஸ்டர்ன்’ இல்லாத ஒரு சோலார் தொகுப்பு! பெயரிலேயே 5, 6, 7 என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன், ஆனாலும் முதல் முறை அதன் பாடல் பட்டியலைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது.

இப்போதும் அந்த நான்கும் கிடைக்காதா?

கிடைக்கும். 2021-இல் முதல் ஆல்பத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, சிடியாகவும் வினைலாகவும் ஸ்ட்ரீமிங்கிலும். ஸ்பாட்டிஃபை மொரீசியஸுக்கு வந்ததும் அதே 2021-இல்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் இந்தப் பாட்டுகளை முதல் முறை முழுசாக, சுத்தமான ஒலியில், சட்டப்படி கேட்டது அந்த வருடத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் அப்பாவின் கேசட், மாமா பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து கொண்டுவந்த சிடி, அதன் நகல், நகலின் நகல் என்றே ஓடியது.

அப்படியானால் ‘மாக்னம் 567’ இனி தேவையா?

தேவை என்றே சொல்வேன், ஆனால் அது முழு வாழ்க்கை என்று நம்பி வாங்காதீர்கள். 2001 முதல் 2007 வரையிலான சோலாரைத் தெரிந்துகொள்ள அது நல்ல வழி. அந்தக் காலத்து மூன்று ஆல்பங்களும் நீளமானவை, சில பாட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கும், தொகுப்பாகக் கேட்டால் அந்த அலுப்பு வராது. முதல் நான்கு ஆல்பங்கள் விஷயத்தில் எனக்கு நேர் எதிரான கருத்து, குறிப்பாக ‘ப்ரோஸ் கோம்பா’வைத் துண்டு துண்டாக யாரும் கேட்கவே கூடாது.

அந்த ஐந்து, ஆறு, ஏழில் எவை முக்கியம்?

‘சோலார் ப்ளர்’. தன் சொந்தச் சாவைத் தானே கதையாகச் சொல்கிற பாட்டு, சொர்க்கம் நரகம் எல்லாம் வரும். ஒரு முன்னணிப் பாடகர் புது நிறுவனத்துக்கு மாறி, பழைய ஆல்பங்கள் எல்லாம் கையை விட்டுப் போயிருக்கும் நேரத்தில், தன் மரணத்தைப் பாடித் திரும்பி வருகிறார் என்றால் அதன் தைரியத்தை யோசித்துப் பாருங்கள். ‘ஆஸ்தா லா விஸ்தா’, ‘இன்ஷால்லா’ இரண்டும் ரேடியோவில் ஓயாமல் ஓடியவை, லேசானவை, கல்யாண வீட்டில்கூடப் போடலாம். ‘லா பெல் ஏ ல பேட் பாய்’ அமெரிக்காக்காரர்களுக்கும் தெரிந்த பாட்டு, 2004-இல் ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ தொடரின் கடைசிப் பகுதி பாரிஸில் நடக்கும்போது ஒலிக்கும். ஒரு பெண் ஒரு ரவுடியை நேசிக்கிற கதை, இனிமையான மெட்டில் போகும், அந்த இனிமையில் மயங்கிக் கதையை விட்டுவிடாதீர்கள். ‘மாக் 6’ ஆல்பத்தில் ‘ஓ பேய் த காந்தி’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, காந்தியின் நாட்டில் என்று பொருள், பெயருக்காகவே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காது கொடுத்தார்கள். ‘ஷாபித்ர் 7’-இல் ‘தா வின்சி க்ளோத்’ நல்ல விளையாட்டு.

விடுபட்டதில் எதை முதலில் கேட்கட்டும்?

‘பூஜ் த லா’விலிருந்தே தொடங்குங்கள். சைமாண்டே என்ற இசைக்குழுவின் ‘தி மெசேஜ்’ பாட்டிலிருந்து எடுத்த தாளத்தின் மேல் அவர் நடந்துகொண்டே பேசுவது போல் இருக்கும், போகிற இடமெல்லாம் அவரை நகரு நகரு என்று விரட்டுகிறார்கள், அவ்வளவுதான் கதை. சிரிக்க வைக்கிற பாட்டுதான். ஆனால் புலம்பெயர்ந்த வீட்டுப் பையனை ஒவ்வொரு வாசலிலும் நகரச் சொல்வது என்பது சிரிப்பு மட்டும் இல்லை என்பது இரண்டாவது முறை கேட்கும்போது உறைக்கும்.

அப்புறம் ‘கரோலின்’. போய்விட்ட காதலியைப் பற்றி, சீட்டுக்கட்டு உருவகத்தில். பத்து வருடம் கழித்து ஐந்தாவது ஆல்பத்துக்கு ஐந்தாவது ஏஸ் என்று பெயர் வைத்தபோது, இந்தப் பாட்டைத் தெரிந்தவர்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். தொகுப்பில் பின்பாதி மட்டும் இருப்பதன் நஷ்டம் இதுதான், பதில் இருக்கிறது, அது எந்தப் பேச்சுக்குப் பதில் என்பது இல்லை. ‘விக்தீம் த லா மோத்’ அதே ஆல்பத்தில் உள்ளது, உடம்பை இளைக்கச் சொல்லிப் பெண்களைப் படுத்துகிற நாகரிக மோகத்தைப் பற்றி 1991-லேயே ஒரு ராப்பர் இவ்வளவு பரிவோடு எழுதியிருக்கிறார்.

‘ப்ரோஸ் கோம்பா’ வேறு உயரம். அதை ஒரு சாயங்காலம் ஒதுக்கி முழுசாகக் கேளுங்கள். ‘நூவோ வெஸ்டர்ன்’ பாட்டில் பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கெய்ன்ஸ்பூரின் ‘போனி அண்ட் க்ளைட்’ இசையிலிருந்து ஒரு துண்டை சாம்பிளாக எடுத்து, அதன் மேல் அமெரிக்கக் கௌபாய் கதையை இன்றைய நகரத்துக்கு இழுத்து வருகிறார். பிரெஞ்சுக்காரர்களின் செல்லப் பாட்டு ஒன்றை எடுத்து, ஆப்பிரிக்க வேர் உள்ள ஒரு புறநகர் இளைஞர் தன் கதைக்குத் துணியாகப் போர்த்திக்கொள்கிறார், நாடே கைதட்டுகிறது. ‘லா கோன்க்யுபீன் த லேமோக்ளோபீன்’ போருக்கு எதிரான பாட்டு, பெயர்தான் வாயில் நுழையாது, பாட்டு ஒரு முறை கேட்டால் போகாது. ‘ஒப்சொலெத்’தும் விடக்கூடாது. இந்த ஆல்பத்தின் ஒலியமைப்பில் ஃபிலிப் ஸ்தாரும் பூம் பாஸும் இருந்தார்கள், அவர்கள் இருவரும் பின்னால் காசியஸ் என்ற பெயரில் மின்னணு இசையில் உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். முப்பது வருடம் கழித்தும் அந்த பேஸ் ஒலி பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இதே 1994-இல்தான் தமிழ்நாட்டில் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், இரண்டு மொழியிலும் ராப் அப்போது எப்படி வேறு வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது என்று புரியும்.

எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. கேட்டு என்ன பயன்?

உங்களுக்குத் தமிழ் தெரியும் அல்லவா? காவடி ஊர்வலத்தில் திருப்புகழ் கேட்டிருப்பீர்கள். அருணகிரிநாதரின் சந்தம் ஓடுகிற வேகத்தில் எத்தனை பேருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும்? தெரியாமலே உடம்பு அந்தத் தாளத்துக்கு ஆடுகிறது, பொருள் பிறகு மெல்ல வருகிறது. சோலாரின் ராப்பும் அப்படித்தான் கேட்க ஏற்றது, ஒரே ஓசை வரிக்குள் நாலு இடத்தில் வந்து விழும், எதுகை மோனையில் வளர்ந்த காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாள், காலையில் கோயிலில் திருப்புகழ் பாடிய பையன் மறுநாள் பஸ்ஸில் ‘ஒப்சொலெத்’ பாடிக்கொண்டு போவதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

சிலேடையை ருசிக்க மட்டும் கொஞ்சம் உதவி வேண்டும். ஒரு உதாரணம் போதும். பிரெஞ்சில் ஒரு பழமொழி, காற்றை விதைத்தவன் புயலை அறுப்பான் என்று. முதல் ஆல்பத்துக்குப் பெயர் வைக்கும்போது அவர் புயலுக்கான சொல்லின் வாலை மட்டும் வெட்டி ‘தெம்போ’ ஆக்கிவிட்டார், ‘கி சேம் ல வான் ரேகோல்த் ல தெம்போ’, காற்றை விதைத்தவன் தாளத்தை அறுப்பான். காளமேகப் புலவரைப் படித்தவர்களுக்கு இந்த மாதிரிக் குறும்பு எப்படி வேலை செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு முதலில் ‘கரோலின்’ கேளுங்கள், அதில் பேச்சு நிதானம், சொற்கள் தெளிவு.

பாட்டி பக்கத்தில் இருக்கும்போது போடலாமா? ராப் என்றாலே கெட்ட வார்த்தை என்கிறார்களே.

தாராளமாகப் போடலாம். கெட்ட வார்த்தையை நம்பி எழுதுகிறவர் இல்லை சோலார். சாவு, போர், போதை, வன்முறை பற்றிய பாட்டுகள் உண்டு, சின்னப் பிள்ளைகள் பொருள் கேட்டால் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க ராப்பர்களின் ஹிட்ஸ் தொகுப்புகளோடு ஒப்பிட்டால்?

அங்கே பெரும்பாலும் இவருக்கு வந்த சிக்கல் வராது, ஒரே நிறுவனக் குடும்பத்துக்குள் வாழ்க்கை ஓடியிருந்தால் எல்லாப் பாட்டும் கைக்குள் இருக்கும். எமினெம் 2005-இல் ‘கர்ட்டன் கால்’ கொண்டு வந்தபோது ‘மை நேம் இஸ்’, ‘ஸ்டான்’, ‘லூஸ் யுவர்செல்ஃப்’ என்று எல்லாமே வரிசையாக இருந்தன. கூடவே மூன்று புதுப் பாட்டுகளும், எல்டன் ஜானோடு கிராமி மேடையில் பாடிய ‘ஸ்டான்’ நேரடிப் பதிவும். பழைய ஆல்பங்கள் எல்லாம் வைத்திருக்கிற ரசிகரையும் மறுபடி பணம் கொடுக்க வைக்கிற வழி அது, தொகுப்பு விற்கிற எல்லோரும் செய்வதுதான். அப்படிச் சேர்க்கிற புதுப் பாட்டு நன்றாக இருந்துவிட்டால் எனக்குப் புகார் இல்லை, ‘வென் ஐ’ம் கான்’ நன்றாகவே இருந்தது. பதினேழு வருடம் கழித்து, 2022-இல், இரண்டாம் பாகமும் வந்தது.

டூபாக்கின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ வேறு வகை. 1996-இல் அவர் கொல்லப்பட்டார், 1998-இல் அந்த இரட்டைத் தொகுப்பு வந்தது, 2011-இல் அமெரிக்காவில் விற்பனைக்கான வைரச் சான்றிதழ் வரை போனது. பலருக்கு டூபாக் என்றால் அந்தத் தொகுப்புதான். அதிலேயே பெரிதாக ஓடிய ‘சேஞ்சஸ்’ அவர் உயிரோடு இருந்தபோது வெளிவராத பாட்டு. ஹிட்ஸ் தொகுப்பில் அதுவரை ஹிட்டே ஆகாத பாட்டு ஒன்று வந்து எல்லாவற்றையும் தாண்டிப்போகிறது. ஆக, இந்தத் தொகுப்புகளை நடந்து முடிந்ததன் கணக்கு என்று நினைக்க வேண்டாம், ஒருவரை எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்று யாரோ எடுத்த முடிவு அது. யார் எடுத்தார்கள், அவர்கள் கையில் என்னென்ன இருந்தது என்று பார்த்துவிட்டுக் கேட்டால் கேட்பதே மாறும்.

எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கும்போது தொகுப்பு எதற்கு? செயலியே ‘சிறந்த பாடல்கள்’ என்று வரிசை தருகிறதே?

தருகிறது, ஆனால் அதில் போன மாதம் எது அதிகம் ஓடியதோ அது முன்னால் வரும், ஒரு வாழ்க்கையின் வரிசை அதில் இல்லை. சோலார் விஷயத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. முதல் நான்கு ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு மற்றவற்றை விடத் தாமதமாக வந்தவை, அதுவரை அவற்றுக்குக் கணக்கே ஏறவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் 2001-இல் பிறந்தவர் போல் தெரிவார்.

மேடைப் பதிவு ஏதாவது உண்டா?

உண்டு, 1998-இல் வந்த ‘ல தூர் த லா கெஸ்தியோன்’. முதல் காலப் பாட்டுகளை மேடையில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் தேடிப் பார்க்கலாம். ரசிகர் கூட்டம் வரிகளைத் திருப்பிப் பாடுகிற சத்தத்துக்காகவே எனக்குப் பிடிக்கும்.

மற்றவர்கள் ஆல்பத்தில் அவர் பாடியதும் தொகுப்பில் இருக்குமா?

இந்தத் தொகுப்பில் தேடாதீர்கள், தனியாகத்தான் தேட வேண்டும், அதுவும் இரண்டு பாட்டுகளைக் கண்டிப்பாக. ஒன்று, கேங் ஸ்டார் என்ற அமெரிக்க ராப் குழுவைச் சேர்ந்த, குரு என்ற பெயருள்ள ராப்பர் 1993-இல் ஜாஸையும் ராப்பையும் சேர்த்துக் கொண்டுவந்த ‘ஜாஸ்மட்டாஸ்’ முதல் பாகத்தில் ‘ல பியேன், ல மால்’. நன்மை, தீமை என்று பொருள். ஒருவர் ஆங்கிலத்தில், மற்றவர் பிரெஞ்சில், யாரும் யாருக்காகவும் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டிலேயே மூன்று நான்கு மொழி புழங்குகிற எங்களுக்கு அது ரொம்ப இயல்பாக இருந்தது. இரண்டாவது, அமெரிக்க ராப்பர் மிஸ்ஸி எலியட்டின் ‘ஆல் என் மை கிரில்’, 1999, இவர் சேர்ந்த ஐரோப்பியப் பதிப்பு.

2010-க்குப் பிறகு என்ன செய்தார்?

ஏழாவது ஆல்பத்துக்கும் எட்டாவதுக்கும் நடுவில் பத்து வருடம். ‘மாக்னம் 567’ அந்த நீண்ட மௌனத்தின் நடுவில் வந்தது, அப்போது பலரும் இதோடு முடிந்தது என்றே நினைத்தார்கள், ஹிட்ஸ் தொகுப்பு வந்தால் ஓய்வு நெருங்குகிறது என்பது எல்லா ஊரிலும் உள்ள கணக்குதானே. 2017 நவம்பரில் ‘ஜியோபொயெதிக்’ வந்தது. அதன் முதல் சிங்கிள் ‘சோனோதோன்’ காது கேட்கும் கருவியின் பெயரைக் கொண்டது, முதுமையைப் பற்றிய பாட்டு. ஐம்பதை நெருங்குகிற ராப்பர் வயதை மறைத்து இருபது வயதுப் பிள்ளைகளோடு போட்டி போடாமல், வயதையே பாட்டாக்குகிறார். எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு அந்தப் பாட்டோடு இன்னும் கூடியது. அடுத்த வருடம் பிரான்சின் விக்துவார் த லா மியூசிக் விருதுகளில் அந்த ஆல்பத்துக்கு விருது கிடைத்தது, அதுவும் ராப் பிரிவில் இல்லை, பாடல் ஆல்பம் பிரிவில். 2024-இல் ‘லுயர் செலெஸ்த்’ வந்தது. ஆக, இன்று யாராவது முழு வாழ்க்கைத் தொகுப்பு ஒன்று செய்ய உட்கார்ந்தால் மூன்று காலத்தையும் சேர்த்தாக வேண்டும், 5, 6, 7 அதில் நடுப்பகுதி மட்டுமே.

நீங்களே ஒரு வரிசை போட்டுக் கொடுங்களேன்.

‘பூஜ் த லா’, ‘கரோலின்’, ‘விக்தீம் த லா மோத்’. அங்கே நிறுத்தி குருவோடு பாடிய ‘ல பியேன், ல மால்’. பிறகு ‘ஒப்சொலெத்’, ‘நூவோ வெஸ்டர்ன்’, ‘லா கோன்க்யுபீன்’, அடுத்து 1997-இன் ஆல்பத்திலிருந்து ‘கேங்ஸ்டர் மொதேர்ன்’, ‘லே தான் ஷான்ஜ்’. குருவோடு பாடியதைத் தவிர இவ்வளவும் காகிதச் சண்டையில் காணாமல் போயிருந்தவை. இதற்குப் பிறகு ‘சோலார் ப்ளர்’ வரட்டும், ஏன் என்று கேட்கும்போதே தெரியும். ‘இன்ஷால்லா’, ‘லா பெல் ஏ ல பேட் பாய்’, ‘ஓ பேய் த காந்தி’, ‘தா வின்சி க்ளோத்’. கடைசியில் ‘சோனோதோன்’. ‘ஆஸ்தா லா விஸ்தா’வை ஏன் விட்டீர்கள் என்று என் தங்கை சண்டைக்கு வருவாள், அது எப்படியும் ரேடியோவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த வரிசையைக் காலப்படியே கேளுங்கள், கலைத்துப் போடும் பொத்தானைத் தொட வேண்டாம். குரல் மெல்லக் கனமாவதும், வேகம் குறைந்து வரிக்கு இடையில் மூச்சு விடத் தொடங்குவதும் அப்போதுதான் கேட்கும்.

மொரீசியஸிலும் இப்படி யாருக்காவது தொகுப்பு வர வேண்டுமா?

வர வேண்டும். கிரியோலில் பாடியவர்களின் பழைய பதிவுகள் கேசட்டுகளிலேயே தேய்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் ஊர் இசையான செகாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் சேர்த்து செகே என்ற இசையை உருவாக்கிய காயா, 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்தார், அதைத் தொடர்ந்து நாடு முழுக்கக் கலவரம் வெடித்தது. அவர் பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன, ஏனென்றால் ஜனங்கள் விடவில்லை. ஆனால் அதே காலத்தில் பாடிய மற்ற எத்தனையோ பேருடைய பதிவுகளுக்கு யார் உரிமையாளர், மூல நாடா எங்கே என்றே தெளிவில்லை. சோலாரின் நான்கு ஆல்பங்களாவது பத்திரமாக எங்கோ இருந்தன, ஒப்பந்தம் தீர்ந்ததும் வெளியே வந்தன. பாடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் பதிவின் உரிமை யாரிடம், எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள், விவரம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு படியுங்கள்.

சிடியா, வினைலா, ஸ்ட்ரீமிங்கா?

காசு குறைவென்றால் ஸ்ட்ரீமிங். வாங்குவதென்றால் 2021-க்குப் பிந்தைய மறுவெளியீட்டில் ‘ப்ரோஸ் கோம்பா’ வினைல், அந்த பேஸுக்காக. பழைய 90-களின் சிடியைப் பெரிய விலைக்கு யாராவது விற்றால் இனி அவசரப்பட்டு வாங்காதீர்கள், தடை இருந்த காலத்தில் ஏறிய விலை அது.

‘மாக்னம் 567’ பழைய பிரதி கிடைத்தால்?

நியாயமான விலையென்றால் வாங்குங்கள். எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் வந்தது என்று பார்த்துக்கொண்டே கேளுங்கள், ‘சாங்க்கியெம் ஆஸ்’ பாட்டுகள் அதிகம் பிடித்தால் அந்த ஆல்பத்தைத் தனியாகத் தேடலாம், மற்ற இரண்டுக்கும் தொகுப்பே போதும்.